கல்சட்டிக் கையும் மெல்லிய பாத்திரமும்: கலப்பு பேன்ஜோ எப்படி இயங்குகிறது?

ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்றதும் கிடார் ரசிகர்களுக்கு 1930களின் பாரிஸ் நினைவுக்கு வரும். தீவிபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வேகம் குறையாமல் ஓடிய இடது கை நினைவுக்கு வரும். அந்த விபத்து நடந்தது 1928இல். அதற்கு முன்பே அவர் பாரிஸின் நடனக் கூடங்களில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயது வாக்கில் கைக்கு வந்து, அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்த வாத்தியம் பேன்ஜோ-கிடார்.

கழுத்தை மட்டும் பார்த்தால் அது கிடார். ஆறு தந்திகள், கிடாரின் சுருதி, கிடாரின் விரல் இடைவெளி. உடலைப் பார்த்தால் பேன்ஜோ. மர வளையம், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், சுற்றிலும் இரும்புக் கொக்கிகள். கிடார் படித்தவர் புதிதாக எதையும் மனப்பாடம் செய்யாமல் எடுத்து வாசிக்கலாம். ஆனால் வெளியே வருவது பேன்ஜோவின் குரல்.

இப்படி வேறொரு வாத்தியக்காரருக்காகச் செய்யப்பட்ட கலப்பு பேன்ஜோக்கள் ஒரு பெரிய குடும்பம். மாண்டலின் வாசிப்பவருக்கு பேன்ஜோலின், யுகுலேலே வாசிப்பவருக்கு பேன்ஜோலேலே, கிடார் வாசிப்பவருக்கு ஆறு தந்தி பேன்ஜோ, துருக்கியில் ஊத் வாசிப்பவருக்கு ஜும்புஷ். இந்தியாவில் பல இடங்களில் பேன்ஜோ என்ற பெயரால் அழைக்கப்படும், பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் புல்புல் தரங் வேறு வாத்தியம். அது ஜப்பானின் தைஷோகோட்டோவிலிருந்து வந்தது. தோல் போர்த்தியது அல்ல. இங்கே பேசப்போவது தோல் போர்த்திய பேன்ஜோவைப் பற்றி.

இவற்றைக் குறுக்குவழி என்று ஒதுக்குபவர்களும் உண்டு, பயிற்சியே வேண்டாம் என்று வாங்குபவர்களும் உண்டு. இருவருமே இந்த வாத்தியத்தில் பாதியைத்தான் பார்க்கிறார்கள். முழுதாகப் பார்க்க, சமையலறை வழியாகப் போவது சுலபம்.

சட்டியும் கைப்பக்குவமும்

பல வருடமாகக் கல்சட்டியில் வத்தக்குழம்பு வைத்துப் பழகிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு புளி, எப்போது பொடி, எந்த வாசனை வந்ததும் தீயைக் குறைப்பது என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். கல்சட்டி மெல்லத்தான் சூடேறும். ஏறிய சூடு சட்டென்று இறங்காது. அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு சிறிது நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். அவருடைய பக்குவத்துக்குள் சட்டியின் இந்தச் சுபாவமும் சேர்ந்தே ஊறியிருக்கிறது.

அவர் கையில் இப்போது மெல்லிய அலுமினியப் பாத்திரம் ஒன்றைக் கொடுங்கள். புளியும் பொடியும் அளவும் மாறவில்லை. ஆனால் பாத்திரம் நொடியில் சூடேறுகிறது. கொஞ்சம் கவனம் பிசகினால் அடிப்பிடிக்கிறது. தீயை அணைத்ததும் கொதி அடங்கிவிடுகிறது. செய்முறை அவருக்குத் தெரிந்ததுதான். நேரமும் தீயும் மட்டும் புதிதாகப் பழக வேண்டியவை.

கலப்பு பேன்ஜோவில் நடப்பது இதுவே. விரல் தந்திக்குக் கொடுக்கும் அடிதான் தீ. வாத்தியத்தின் உடல் பாத்திரம். இடது கை வருடக்கணக்கில் சேர்த்து வைத்த விரலமைப்புகள் செய்முறை. கிடாரின் மர உடல் கல்சட்டி. பேன்ஜோவின் தோல் உடல் மெல்லிய பாத்திரம். கலப்பு வாத்தியம் செய்பவர் உங்கள் செய்முறையை அப்படியே வைத்துக்கொண்டு பாத்திரத்தை மட்டும் மாற்றுகிறார். யார் வாசிக்கலாம் என்பதைக் கழுத்து முடிவு செய்கிறது. எப்படி வாசிக்க வேண்டும் என்பதைத் தோல் முடிவு செய்கிறது.

பாத்திரம்: தோல் என்ன செய்கிறது?

பேன்ஜோவின் தோலுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையின் மேல் தோல் போர்த்தி, கம்பு செருகி, தந்தி கட்டிய வாத்தியங்கள் பல உண்டு. செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங் அவற்றில் ஒன்று. அடிமைகளாகக் கரீபியன் தீவுகளுக்கும் வட அமெரிக்காவுக்கும் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அந்த நினைவிலிருந்து உருவாக்கிய வாத்தியமே பேன்ஜோ. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுரைக்குடுக்கையின் இடத்தில் மர வளையம் வந்தது. தோலை இழுத்துப் பிடிக்கக் கொக்கிகளும் திருகுகளும் வந்தன. பால்டிமோர் நகரத்தில் வில்லியம் பௌச்சர் 1840களில் இப்படிச் செய்த பேன்ஜோக்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இன்றைய வழக்கமான பேன்ஜோவில் தோலின் விட்டம் 11 அங்குலம், ஏறத்தாழ 28 செ.மீ. சுற்றிலும் இருபதுக்கும் மேற்பட்ட கொக்கிகள் ஓர் உலோக வளையத்தைக் கீழ்நோக்கி இழுக்க, தோல் விறைப்பாகிறது. கன்றுத்தோல் இருந்த இடத்தில் 1950களுக்குப் பிறகு பாலியெஸ்டர் தாள் வந்தது. இயற்கைத் தோல் ஈரக்காற்றில் தளரும், வறண்ட காற்றில் இறுகும். பாலியெஸ்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான்.

தந்திகளைத் தாங்கும் குதிரை இந்தத் தோலின் மேல் சும்மா நிற்கிறது. பசை இல்லை, ஆணி இல்லை. தந்திகள் அழுத்துவதால் நிற்கிறது. ஐந்து தந்தி பேன்ஜோவின் குதிரை சுமார் 2 கிராம்தான் இருக்கும். பாத்திரம் எவ்வளவு மெல்லியது என்பதற்கு இந்த இரண்டு அளவுகளே போதும்: கால் மில்லிமீட்டர் தோல், 2 கிராம் குதிரை.

தந்தி மிக மெல்லியது. தனியாக அதிர்ந்தால் அதனால் காற்றை அதிகம் தள்ள முடியாது. குதிரை வழியாக அகலமான ஒரு பரப்பை அசைத்தால்தான் நம் காதுக்கு ஒலி வந்து சேரும். கிடாரில் அந்தப் பரப்பு மரப்பலகை. தந்தியோடு ஒப்பிட்டால் அது கனமானது, விறைப்பானது. தந்தியின் அதிர்வு குதிரையை வந்தடையும் ஒவ்வொரு தடவையும் பலகை கொஞ்சம் ஆற்றலை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியைத் தந்திக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால் கிடாரின் சுரம் நீண்டு நிற்கிறது. பேன்ஜோவின் தோல் தடை அதிகம் காட்டாமல் அசைந்து கொடுக்கிறது. தந்தியிடமிருந்து பெரிய பங்கை உடனே வாங்கிக் காற்றில் கொட்டிவிடுகிறது.

ஒரு மீட்டில் விரல் கொடுக்கும் ஆற்றல் ஓர் அளவுதான். அதைச் சில கணத்தில் செலவழித்தால் சத்தம் பெரிதாக இருக்கும், சீக்கிரம் தீர்ந்துபோகும். கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தால் சத்தம் மெதுவாக இருக்கும், நீண்டு வரும். பேன்ஜோவின் உரத்த குரலும் அதன் குறுகிய ஆயுளும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். கார்வை வேண்டும், சத்தமும் வேண்டும் என்று கேட்டால் எந்தக் கைவினைஞராலும் கொடுக்க முடியாது.

உவமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். கல்சட்டி சூட்டைத் தன் உடம்பிலேயே சேமிக்கிறது. கிடாரில் ஆற்றலைச் சேமித்து வைத்திருப்பது தந்தி. பலகை அதைச் சிறுகச் சிறுக வாங்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைத் தவிர மற்றதெல்லாம் பொருந்துகிறது.

பேன்ஜோவின் குரலில் உலோகம் தட்டியது போன்ற ஒரு கணீர் இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? கால்டெக் பல்கலைக்கழகத்தின் டேவிட் பொலிட்சர் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்திருக்கிறார். 2004இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பேன்ஜோவின் இயற்பியலைப் பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் எழுதியவர். குதிரையைத் தாண்டியதும் தந்தி கீழ்நோக்கி வளைந்து வால்பகுதிக்குப் போகிறது. தோல் அசையும்போது குதிரை மேலும் கீழும் போகிறது. அந்த வளைவின் காரணமாகத் தந்தி ஒவ்வோர் அசைவிலும் மிகச் சிறிதளவு இறுகித் தளர்கிறது. அதனால் சுருதியும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பலமுறை ஏறி இறங்குகிறது. காது அதைத் தனித்தனி ஏற்ற இறக்கமாகப் பிரித்தறிய முடியாமல் உலோகக் குரலாகக் கேட்கிறது என்பது அவருடைய விளக்கம். கலப்பு பேன்ஜோக்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சுபாவம் பொது. கழுத்தை மாற்றலாம், இதை மாற்ற முடியாது.

செய்முறை: கழுத்தில் எழுதியிருப்பது

இடது கை எதை நினைவில் வைத்திருக்கிறது? சுரங்களின் பெயரை மூளை வைத்திருக்கலாம். கை வைத்திருப்பது தூரங்களை. எந்தத் தந்தியிலிருந்து எந்தத் தந்திக்கு, எத்தனை மெட்டு (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) தள்ளி, விரல்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை. இந்தத் தூரங்களை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தந்தியின் நீளம், மெட்டுகள் அமைந்த இடம், தந்திகளுக்கிடையிலான சுருதி.

மெட்டுகளின் இடம் கணக்குக்கு உட்பட்டது. முதல் மெட்டு தந்தி நீளத்தில் சுமார் 5.6 விழுக்காடு தள்ளி வரும். பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில் நிற்கும். கிடாரின் தந்தி நீளம் ஏறத்தாழ 65 செ.மீ, எனவே முதல் மெட்டுக்கு இடம் 3.6 செ.மீ. மாண்டலினில் தந்தி நீளம் 35 செ.மீ, முதல் மெட்டுக்கு இடம் 2 செ.மீகூட வராது. அதனால் கிடார்காரரின் கை ஒரு மெட்டுக்கு ஒரு விரல் என்று பழகியிருக்கிறது. மாண்டலின்காரரும் வயலின்காரரும் ஒரு விரலால் இரண்டு அரைச்சுர இடங்களைச் சமாளிக்கிறார்கள். நீளம் மாறினால் கை தடுமாறும்.

சுருதி அமைப்பும் அப்படியே. கிடாரில் அடுத்தடுத்த தந்திகள் பெரும்பாலும் ஷட்ஜம்–மத்யம இடைவெளியில் இருக்கின்றன. மாண்டலினிலும் வயலினிலும் ஷட்ஜம்–பஞ்சம இடைவெளியில். ஐந்து தந்தி பேன்ஜோ இவை இரண்டிலும் சேராது. அதன் நான்கு நீளத் தந்திகளும் D, G, B, D என்று வெறுமனே மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும்படி கட்டப்பட்டிருக்கின்றன. ஐந்தாவது தந்தி குட்டை. கழுத்தின் பாதியில் தொடங்கி, எல்லாவற்றையும்விட உயர்ந்த சுருதியில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மாண்டலின்காரரோ கிடார்காரரோ இதை முதல் தடவை எடுத்தால் கைக்குத் தெரிந்த எதுவும் அங்கே இருக்காது.

ஆகவே கைவினைஞர் ஐந்து தந்திக் கழுத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வருபவரின் கழுத்தையே பூட்டினார். தந்தி நீளம், மெட்டு, சுருதி மூன்றும் வருபவருடையவை. தோலும் வளையமும் பேன்ஜோவுடையவை. கலப்பு பேன்ஜோவின் முழு இரகசியமும் இந்த ஒரு வரிதான்.

நான்கு வீட்டுச் செய்முறை

முதலில் மாண்டலின் வீடு. மாண்டலின் என்றால் நமக்கு உ. ஸ்ரீநிவாஸின் மின்மாண்டலின் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் மாண்டலின் மோகம் பரவியிருந்தபோது ஒலிபெருக்கி கிடையாது. மாண்டலின்காரருக்குச் சத்தம் வேண்டும் என்றால் தோல் போர்த்திய உடல்தான் வழி. அமெரிக்காவில் 1880களிலேயே பேன்ஜோ உடலில் மாண்டலின் கழுத்தைப் பூட்டும் வேலை தொடங்கிவிட்டது. நான்கு தந்தி என்றால் பேன்ஜோலின், மாண்டலின் போலவே இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி என்றால் மாண்டலின்-பேன்ஜோ என்று பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. கடையில் இரண்டு பெயர்களும் கலந்தே வழங்கும்.

பஞ்சம இடைவெளி பழகிய அந்தக் கைகளே பிறகு இன்னும் நீளமான, சற்றுத் தாழ்ந்த குரலுள்ள டெனர் பேன்ஜோவுக்கும் வழிசெய்தன. நான்கு தந்திகள், C, G, D, A சுருதி. 1910களில் நடன இசைக்காக வந்தது, 1920களின் ஜாஸ் குழுக்களில் தாளத்தின் தூணாக நின்றது. பிறகு அயர்லாந்தில் அதற்கு இன்னொரு வாழ்க்கை கிடைத்தது. டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா அதை G, D, A, E என்று, வயலினுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே கட்டி வாசித்தார். வயலினுக்கென்று இருந்த நாட்டுப்புறப் பாடல்களை அதே விரலமைப்பில் வாசிக்க முடிந்தது. இன்று ஐரிஷ் இசைக்குழுக்களில் அதுவே வழக்கமான சுருதி. மற்றவருக்காகச் செய்த வாத்தியம் சொந்தக் காலில் நின்றதற்கு டெனர் பேன்ஜோ நல்ல சாட்சி.

இரண்டாவது யுகுலேலே வீடு. ஹவாயில் பிறந்த ஆல்வின் கீச் 1917 வாக்கில் யுகுலேலே கழுத்தைச் சிறு பேன்ஜோ உடலோடு இணைத்து விற்கத் தொடங்கினார். விட்டம் பொதுவாக 7, 8 அங்குலம்தான். இங்கிலாந்தின் நகைச்சுவை நடிகரும் பாடகருமான ஜார்ஜ் ஃபார்ம்பி இதைக் கையில் வைத்துக்கொண்டே திரைப்படங்களில் நடித்தார். அந்த நாட்டில் இந்த வாத்தியத்தின் முகமே அவர்தான். உட்ஹவுஸ் வாசகர்கள் 1934இல் வந்த நாவலில் பெர்ட்டி வூஸ்டர் இதை விடாமல் வாசிக்க, அவருடைய பணியாளர் ஜீவ்ஸ் வேலையை விட்டே போய்விடுவதை அறிவார்கள். அத்தனை சிறிய உடலிலிருந்து அத்தனை சத்தம் வருகிறது.

மூன்றாவது கிடார் வீடு. லூயி ஆம்ஸ்ட்ராங் 1925இல் தொடங்கிய ஹாட் ஃபைவ் பதிவுகளில் ஜானி செயின்ட் சிர் வாசித்தது ஆறு தந்தி பேன்ஜோ. 1924இல் ப்ளூஸ் பதிவுகளைத் தொடங்கிய பாப்பா சார்லி ஜாக்சன் கையில் இருந்ததும் அதுவே. இந்தக் காலத்தில் கீத் அர்பன் அதை மேடைக்குக் கொண்டுவந்தார்.

நான்காவது வீடு இஸ்தான்புல்லில் இருக்கிறது. எனக்கு இந்தக் குடும்பத்திலேயே அதிகம் பிடித்தது இதுதான். ஊத் மரத்தால் ஆன, மெட்டு இல்லாத, மென்குரல் வாத்தியம். துருக்கியின் மகாம் இசையின் நுண்சுரங்களுக்கு விரல் வழுக்கிப் போக வேண்டும்; எனவே மெட்டு கூடாது. ஜெய்னெல் ஆபிதீன் என்ற இஸ்தான்புல் கைவினைஞர் 1930 வாக்கில் அலுமினியத்தில் ஒரு குண்டான் செய்தார். அதன் வாயில் தோல் போர்த்தி, பேன்ஜோ போலக் கொக்கிகளால் இறுக்கி, மெட்டில்லாத கழுத்தைப் பூட்டி, ஆறு இணைகளாகப் பன்னிரண்டு உலோகத் தந்திகளைக் கட்டினார். அதுதான் ஜும்புஷ். உடல் நிஜமாகவே அலுமினியப் பாத்திரம்.

அவருடைய திறமை கழுத்து இணையும் இடத்தில் தெரிகிறது. ஒரு திருகில் கழுத்து நிற்கிறது. அதைத் திருப்பினால் தந்தியின் உயரத்தைச் சரிசெய்யலாம். முழுதாகக் கழற்றினால் அதே குண்டானில் மாண்டலின் கழுத்தையோ கிடார் கழுத்தையோ பூட்டலாம். ஒரே பாத்திரம், வருபவருக்கு ஏற்ற செய்முறை என்பதை ஒரு திருகில் சாதித்த வடிவமைப்பு அது. 1934இல் துருக்கியில் குடும்பப்பெயர்ச் சட்டம் வந்தபோது தன் வாத்தியத்தின் பெயரையே அவர் குடும்பப்பெயராக வைத்துக்கொண்டார்.

எங்கே அடிப்பிடிக்கிறது?

எல்லாச் செய்முறையும் மெல்லிய பாத்திரத்துக்கு ஒத்துவராது. எது ஒத்துவரும் என்பதை ஓர் எண் பெருமளவுக்குச் சொல்லிவிடும்: மிகத் தாழ்ந்த தந்தியின் அதிர்வெண்.

வழக்கமான G, C, E, A சுருதியுள்ள யுகுலேலேயில் அது 262 ஹெர்ட்ஸ். மாண்டலினில் 196. ஐந்து தந்தி பேன்ஜோவில் 147. C, G, D, A கட்டிய டெனர் பேன்ஜோவில் 131. கிடாரில் 82. விறைப்பாக இழுத்த 11 அங்குலத் தோலால் அவ்வளவு தாழ்ந்த நாதத்தைக் காற்றில் நன்றாகப் பரப்ப முடியாது. அதனால் ஆறு தந்தி பேன்ஜோவின் கீழ் E தந்தியில் அடிநாதம் மெலிந்து, மேல்நாதங்கள் மட்டும் தூக்கலாகக் கேட்கின்றன. கிடாரில் கம்பீரமாக ஒலித்த அதே கார்டு இங்கே கலங்கலாகிறது. கிடார்காரர்கள் ஆறு தந்தியையும் சேர்த்து அடிக்கும்போது ‘என்ன இது, குழம்பிப்போகிறதே’ என்று திகைப்பது இதனால்தான். கை தவறு செய்யவில்லை. பெரிய சட்டிக்கான அளவைச் சிறிய பாத்திரத்தில் ஊற்றியிருக்கிறார்கள்.

மாண்டலின்-பேன்ஜோவின் தொல்லை வேறு. சுருதி அதற்குப் பொருந்துகிறது. ஆனால் எட்டு உலோகத் தந்திகள் ஒரு சிறிய தோலை அழுத்துகின்றன. இணைத் தந்திகளுக்குள் மயிரிழை சுருதி பிசகினாலும், மர மாண்டலினில் அழகான மினுமினுப்பாகக் கேட்கும் அதே பிசகு இங்கே உறுத்தலாகிவிடுகிறது. இணைக்கு ஒன்று என்று நான்கு தந்திகளைக் கழற்றிவிட்டு வாசிப்பவர்கள் பலர். அதில் குறை ஒன்றுமில்லை. வாத்தியம் தெளிவாகப் பேசும்.

மெல்லிய பாத்திரம் அடிப்பிடிக்காமல் இருக்க அடியில் கனத்த தோசைக்கல்லை வைத்துத் தம் போடுவோம். பேன்ஜோவிலும் அதற்கு ஈடான வழிகள் இருக்கின்றன. தோலுக்குப் பின்னால், உடலின் குறுக்கே போகும் கம்பிக்கும் தோலுக்கும் நடுவில், ஒரு துணியை மடித்துச் செருகினால் கூர்மையான மேல்நாதங்கள் அடங்கும். இன்னும் கொஞ்சம் கனமான குதிரையை வைத்தால் தோல் ஆற்றலை அவ்வளவு அவசரமாக வாங்காது. சத்தம் குறைந்து சுரம் நீளும். தோலின் விறைப்பைச் சற்றுக் குறைத்தால் கீழ்நாதம் கொஞ்சம் தலைகாட்டும். மூன்றுமே அதே ஆற்றல் கணக்குக்குள் நடப்பவை. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

தீயைப் பழக வேண்டியது வலது கை. கிடாரில் ஒரு கார்டை அடித்துவிட்டு அது ஒலிக்க இடம் விட்டுக் காத்திருக்கலாம். பேன்ஜோவில் காத்திருந்தால் வெற்றிடம்தான் மிஞ்சும். அதனால் டெனர் பேன்ஜோக்காரர்கள் நீண்ட சுரத்தை ஒரே தந்தியில் வேகமாக மேலும் கீழும் மீட்டித் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஐரிஷ் வாசிப்பில் ஒரு சுரத்தின் இடத்தில் மூன்று விரைவான மீட்டுகளைப் போட்டு நிரப்புகிறார்கள். ஃபார்ம்பியின் கை ஒரு தாளத்துக்குள் பல திசைகளில் சுழன்றது. பேன்ஜோ பாணிகளில் காணும் இடைவிடாத ஓட்டத்துக்கு இந்தக் குறுகிய ஆயுள் ஒரு முக்கியக் காரணம்.

ஆறு தந்திக்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் வாசித்த ப்ளூகிராஸ் ஓட்டத்தின் உயிர் அந்தக் குட்டையான ஐந்தாவது தந்தியில் இருக்கிறது. தாழ்ந்த தந்திக்குப் பக்கத்திலேயே மிக உயர்ந்த சுரம் நிற்பதால்தான் சுரங்கள் கோத்துக்கொண்டு உருள்கின்றன. கிடார்க் கழுத்தில் அந்தத் தந்தி இல்லை. கீழ்த்தந்தியைக் கழற்றிவிட்டு மெல்லிய தந்தியை உயர்ந்த சுருதியில் கட்டிச் சிலர் அதை எட்டப் பார்க்கிறார்கள். சாயல் வரும், முழுதும் வராது.

ஏன் வந்தன, ஏன் ஒதுங்கின?

காரணம் சத்தம். 1920களின் தொடக்கம் வரை இசைத்தட்டுப் பதிவு என்பது ஒரு பெரிய ஊதுகுழல் வாய்க்கு முன்னால் நின்று வாசிப்பது. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் மர கிடார் காணாமல் போய்விடும். நடனக் கூடத்திலும் அதே கதை. தோல் போர்த்திய உடல் அந்தக் கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. வேலை வேண்டும் என்ற வாத்தியக்காரர் புது வாத்தியம் கற்க வருடங்களைச் செலவிடாமல் தன் கழுத்தோடு பேன்ஜோ உடலுக்கு மாறினார்.

1925இல் மைக்ரோஃபோன் வழியாக மின்பதிவு வந்தது. 1930களில் மின்கிடார் வந்தது. கிடாருக்குச் சத்தம் கிடைத்ததும் கிடார்காரர்கள் தங்கள் கல்சட்டிக்கே திரும்பிப் போனார்கள். ஜாங்கோவும் கிடாருக்கு மாறியவர்தான். பிறகும் இந்த வாத்தியங்கள் அழியவில்லை. சத்தத்துக்காக வந்தவை, குரலுக்காகத் தங்கின. இன்று ஒலிபெருக்கி இல்லாத மேடையே இல்லை; ஆனாலும் அயர்லாந்தில் டெனர் பேன்ஜோவையும், துருக்கியில் ஜும்புஷையும், இங்கிலாந்தில் பேன்ஜோலேலேயையும் கேட்டு வாங்கி வாசிக்கிறார்கள். அந்தக் குரல் வேறெங்கும் கிடைக்காது என்பதால்.

வாங்க நினைப்பவருக்கு

வயலினோ மாண்டலினோ வாசிப்பவர் என்றால் G, D, A, E கட்டிய டெனர் பேன்ஜோவைப் பரிந்துரைப்பேன். விரலமைப்பு உங்களுடையது, கழுத்து நீளம் கூடியிருப்பதால் விரல்களைக் கொஞ்சம் விரிக்கப் பழக வேண்டும், அவ்வளவே. யுகுலேலே வாசிப்பவருக்கு பேன்ஜோலேலே இந்தக் குடும்பத்திலேயே எளிதான மாற்றம். சுருதி உயரமாக இருப்பதால் தோலோடு சண்டையே வராது. கிடார் வாசிப்பவர் ஆறு தந்தியை எடுத்தால் கீழ் இரண்டு தந்திகளைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். மேல் நான்கு தந்திகளில் சிறு கார்டுகளாக வாசியுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் டெனர் பேன்ஜோவிலேயே D, G, B, E என்று கிடாரின் மேல் நான்கு தந்திகளின் சுருதியைக் கட்டிக்கொள்ளலாம். ப்ளூகிராஸ்தான் ஆசை என்றால் ஐந்து தந்தி பேன்ஜோவை வாங்கி முதலிலிருந்து கற்பதே நேர்வழி.

எதை வாங்கினாலும், பன்னிரண்டாவது மெட்டை அழுத்தி மீட்டும் சுரமும், அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் நாதமும் ஒன்றாக ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். ஒலிக்காவிட்டால் குதிரை நகர்ந்திருக்கிறது. கையால் தள்ளிச் சரிசெய்யலாம். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் குதிரை விழுந்துவிடும்.

கலப்பு பேன்ஜோ கற்கும் காலத்தைப் பாதியாக்குகிறது, முழுதாக நீக்கிவிடாது. இடது கைக்கு அன்றே வாசிக்க வரும். வலது கைக்குச் சில மாதங்கள் கொடுங்கள். கிடாரிடம் எதிர்பார்த்ததை அதனிடம் எதிர்பார்க்காமல், அந்தத் தோல் என்ன கேட்கிறது என்று கவனித்து வாசித்தால் அது நல்ல வாத்தியம்.